அப்பா சொன்ன பச்சை

என்னை நானே அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பு எனக்கு வெகுகாலம் கிடைத்ததில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஏதாவது ஒரு பெரியம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, எதிரில் இருப்பவரிடம் மொத்தத்தையும் ஒப்பித்துவிடுவார். "மோகனூர்க்காரரு பொண்ணுங்க. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாதுங்க. ஆனா டீச்சரா இருக்குதுங்க." அந்த 'ஆனா'வைக் கேட்டாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எதிரில் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். என் சரித்திரம் அதோடு முடிந்தது; அடுத்தது பந்தி.

அதனால் போன வருஷம் சேலத்திலிருந்து அந்த அக்கா போன் செய்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா ஒரு திருநங்கை. கவிதை எழுதுகிறவர், வயிற்றுப்பாட்டுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடையில் பில் போடுகிறார். பத்திரிகையில் வந்த என் கதை ஒன்றைப் படித்துவிட்டு நம்பரைத் தேடிப் பிடித்திருந்தார்.

"நம்மளாட்டம் இருக்கறவங்க ஒரு நாள் கூடறோம் சாமி. கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, நடக்க முடியாதவங்க, என்னாட்டம் இருக்கறவங்க, மூளை வேற தினுசா ஓடறவங்க. அல்லாரும் எழுதறவங்க, படம் போடறவங்க. சொற்பொழிவு, பொன்னாடை ஒண்ணும் கெடையாது. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நான் யாருன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

கூட்டம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். விதி ஒன்றே ஒன்றுதான். பேசுகிறவர்கள் முதலில் தாங்கள் எப்படி இருக்கிறோம், என்ன உடுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பார்க்க முடியாதவர்களும் ஆளை மனதில் நிறுத்திக்கொள்ள அது வசதி. அதாவது எனக்காகவே போட்ட விதி. சிக்கல் என்னவென்றால், அதை நானும் கடைப்பிடித்தாக வேண்டும். முப்பத்தாறு வயதில் நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். "லட்சணமாத்தான் இருக்கற, போ" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். அம்மா எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் பாவாடை என்ன கலர் என்று கேட்டால், "என்ன கலரா இருந்தா உனக்கென்ன, அழுக்குப் பண்ணாமப் போ" என்பார். போனில் நிறம் சொல்லும் செயலி ஒன்றும் வைத்திருக்கிறேன். அது எதைக் காட்டினாலும் 'அடர் பழுப்பு' என்று ஒரே போடாகப் போட்டுவிடும், அம்மாவுக்குத் தங்கச்சி மாதிரி.

நிறம் கேட்க வேண்டுமென்றால் அப்பாவிடம்தான். கரும்பும் வாழையும் போட்டுப் பிழைக்கிற மனிதர். ஆனால் நிறம் என்று கேட்டுவிட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுவார். வெறும் பச்சை என்று சொல்ல மாட்டார். முத்தின வாழையிலைப் பச்சையா, குருத்துப் பச்சையா, தண்ணீர் காணாத கரும்புத் தோகையா என்று பிரித்துச் சொல்லுவார். நான் எழுத ஆரம்பித்தபோது என் கதைகளுக்குள் வந்த ஒவ்வொரு நிறமும் அப்பா வாயிலிருந்து வந்ததுதான். எனக்கு அதில் கொஞ்சம் திமிர்கூட உண்டு. பார்வையில்லாத பெண் நிறத்தை இப்படி எழுதுகிறாளே என்று வாசகர்கள் வியக்கும்போது, நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஒரு கதையில், 'செம்மண்ணும் அதில் முளைத்த புல்லும் ஒரே நிறமாய்க் கிடந்தன' என்று எழுதியிருந்தேன். ஒரு விமர்சகர் அந்த வரியை எடுத்து, மண்ணும் உயிரும் வேறல்ல என்னும் தரிசனம் என்று அரைப் பக்கம் எழுதினார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது எனக்குத் தரிசனம் கிடைத்திருக்கிறது என்று.

அந்தக் கதைகளெல்லாம் சேர்ந்து என் முதல் புத்தகமாக வரவிருந்தன. முன்னட்டை வரைக்கும் தயார். திருத்தம் ஏதும் இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், அப்புறம் அச்சுக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். கூட்டம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குப் பார்த்து அம்மா திருச்செங்கோட்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். எனக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிற வேலை அப்பாவிடம் வந்தது. வழக்கமாக எனக்கு யார் தயவும் தேவையில்லை; தொட்டுப் பார்த்தே எந்தப் புடவை என்று சொல்லிவிடுவேன். ஆனால் அன்று நான் கட்ட நினைத்தது, நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊரில் எடுத்த பச்சைப் புடவை. அம்மா தனக்கும் அதே ரகத்தில் வேறு கலரில் ஒன்று எடுத்திருந்தார். கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இதுதான் சாமி பச்சை" என்று ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார் அப்பா. "வாழையிலை மாதிரி, நல்லா முத்துன இலை."

மண்டபத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். பங்கேற்பவர்கள் முன்னால் வட்டமாக உட்கார்ந்தோம். துணைக்கு வந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு வரிசை. அம்மாக்கள், அண்ணன்கள், ஒரு கணவர், என் அப்பா. தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் அந்த வரிசை எல்லாக் கூட்டங்களிலும் உண்டு. அவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

அக்காதான் ஆரம்பித்தார். "கலரு கருப்புங்க. நல்ல கருப்பு. சீலை மஞ்சள். ஒசரம், டவுன் பஸ்சுல கம்பிக்கு எக்கத் தேவையில்லாத ஒசரம். நான் பொம்பளைதான். அதுல சந்தேகம் இருக்கறவங்களுக்குப் பின்னால டீ வெச்சிருக்குது, குடிச்சுப்போட்டு வாங்க, தெளிஞ்சிரும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் ஒரு கவிதை சொல்லி முடித்தார். நல்ல கவிதை. நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். மண்டபம் நிசப்தமாக இருந்தது. பாவம், இவ்வளவு நன்றாகச் சொன்னவருக்கு ஒரு தட்டுக்கூட இல்லையா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. திரும்பி, பின்வரிசையில் என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "யாருக்கும் புடிக்கலீங்களாப்பா?"

"அல்லாரும் ரெண்டு கையும் மேல தூக்கி ஆட்டறாங்க சாமி. ரயிலுக்கு வழியனுப்பற மாதிரி."

விஷயம் இதுதான். காது கேட்காதவர்களுக்குக் கையாட்டுவதுதான் கைதட்டல். அதோடு, வட்டத்தில் இருந்த ஓர் ஓவியருக்குத் தட்டுகிற சத்தம் ஆகாது. அந்தப் பெண் சேலத்துக்காரர், ஆட்டிசம் உள்ளவர், முப்பதை ஒட்டிய வயது. தன் முறை வந்ததும் அவர் சொன்னதே மொத்தம் இவ்வளவுதான்: "நீலச் சுடிதார். கண்ணாடி போட்டிருக்கேன். படம் வரைவேன். தட்டாதீங்க." ஆக, காது கேட்காதவர்களுக்கும் அவருக்கும் தோதாக ஏற்பாடு செய்ததில் என்னைப் போன்றவர்களைக் கோட்டை விட்டிருந்தார்கள். நான் எழுந்து சண்டை போட்டேன். எனக்கு மட்டும் என்ன, எல்லோரும் செத்துப் போனது போலவா தெரிய வேண்டும்? அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவது மாதிரி, கையை ஆட்டிக்கொண்டே மெதுவாக உம் கொட்டுவது என்று முடிவானது. ஓவியரிடம் சம்மதம் கேட்டார்கள். "உம் பரவாயில்ல" என்றார்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரும் என் தோளைத் திருப்பவில்லை. யாரும் எனக்காக ஒப்பிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு லேசாகிறது.

"நான் கதை எழுதுகிறவள்" என்றேன். "பிறவியிலேயே பார்வை கிடையாது. மாநிறம். நெற்றி கொஞ்சம் அகலம் என்று அப்பா சொன்னார். கட்டியிருப்பது பச்சைப் புடவை. முத்தின வாழையிலைப் பச்சை."

உம் வரவில்லை. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"அது பச்சை இல்ல" என்றது ஓவியரின் குரல்.

"உஸ்" என்றார் பின்வரிசையிலிருந்த அவருடைய அம்மா.

"ஏன் உஸ்? அவங்களுக்குத் தெரிய வேணாமா? அது செங்கல் கலர். சூளையிலிருந்து இறக்கினதும் இருக்குமே, அந்தச் செங்கல்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "என் புடவை எனக்குத் தெரியாதாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் உறைத்தது. நானே சிரித்துவிட்டேன். மண்டபமே சிரித்தது. "சரி, உள்ளதைச் சொல்லுங்க, இது செங்கல்தானா?" என்று பொதுவாகக் கேட்டேன். ஆமாம் என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. கண் தெரிகிற அத்தனை பேரும் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஒருவர்தான் என்னை மனுஷியாக மதித்திருக்கிறார்.

அவசரத்தில் அப்பா மாற்றி எடுத்துவிட்டார் போல என்றுதான் நினைத்தேன். "என்னங்கப்பா, அம்மா சீலையைக் குடுத்துட்டீங்களா?"

பின்வரிசையில் அப்பா எழுந்து நிற்பது கேட்டது. "பச்சைதானுங்களே" என்றார். கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லாத குரல். "பச்சையத்தானுங்க குடுத்தேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். ஓவியர் நேராக அப்பாவிடம் போய், தன் பையிலிருந்து வண்ண டியூப்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். நான் தடியைத் தட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது பாதிப் பரீட்சை முடிந்திருந்தது.

"இதுவும் இதுவும்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒண்ணு சிவப்பு. ஒண்ணு பச்சை. இது?"

"அதுவும் அதேதானுங்க."

"அது பழுப்பு" என்றார் அவர், ரொம்பச் சந்தோஷமாக. "உங்க கண்ணு வேற மாதிரி. பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். ஆம்பளைங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கு. பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது."

அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் காதுகுத்து வீட்டு மேளத்தையும் மீறி அம்மா கத்தினார். "அதத்தானே கண்ணாலமான நாள்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கறேன், இந்த மனுசனுக்குச் சீலை எடுக்கத் தெரியாதுன்னு! ஆம்பளைக்குக் கலரு எங்க தெரியப் போவுதுன்னு நானும் உட்டுப்போட்டேன்." ஆக, எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆண்பிள்ளை என்றால் இப்படித்தான் என்று நினைத்து அத்தனை பேரும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைப்பானேன். என் புத்தகம்! செம்மண்ணும் புல்லும் ஒரே நிறமாய்க் கிடந்தது தரிசனமும் இல்லை ஒன்றும் இல்லை, எங்கள் அப்பா கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. இலைகளுக்குள் மறைந்துபோன பழுத்த மிளகாய், செங்கல் நிறத்தில் விரிந்த வயல், எல்லாம் நாளைக்கு அச்சுக்குப் போகப் போகிறது. கண் தெரியாதவள் கலரைப் பற்றி எழுதினால் இப்படித்தான் என்று ஊர் சிரிக்கும். விரல்நுனி வரை ஆத்திரம் வந்து நின்றது.

அப்பாவைக் காணோம். சுற்றுச்சுவர் ஓரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா கூட்டிப்போய் விட்டார். போகிற வழியில், என் கதைகளின் நிறமெல்லாம் அப்பா சொன்னதுதான் என்று அவரிடம் கொட்டிவிட்டேன். அப்பா சாப்பிடவில்லை. நான் தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குக் கண்ணா இருக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "கண்ணே கோளாறாப் போச்சு. இனிமே உங்கம்மாகிட்டயே கேட்டுக்க சாமி. நான் எதுவும் சொல்லலை."

புத்தகம் இருந்த இடம் தெரியாமல் மனசைவிட்டுப் போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அப்பா நிறம் சொல்வதை நிறுத்திவிட்டால் எனக்கு மிஞ்சுவது அம்மாவின் 'போ'வும் போனின் அடர் பழுப்பும்தான். அதைவிடவும், தன் சொல் பொய்யாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டே மிச்ச காலத்தைக் கழித்துவிடுவாரோ என்று பயந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தாளராம், பெரிய எழுத்தாளர்.

இடைவேளை முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும், ஓவியர் மறுபடியும் எழுந்தார். "அவர் இன்னும் பேசல" என்றார்.

"யாரும்மா?" என்றார் அக்கா.

"பச்சை சொன்னவர். விதி எல்லாருக்கும்தான?"

அவர் துணைக்கு வந்தவர் என்று யாரோ சொன்னார்கள். "துணைக்கு வந்தா என்ன?" என்றார் ஓவியர். அக்கா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார். "வாங்க சாமி, முன்னால வாங்க. நீங்களும் நம்ம ஆளுதான்."

"எனக்கு எழுதறது வரையறதெல்லாம் வராதுங்க."

"இதுவரைக்கும் வாயாலயே பொஸ்தகம் எழுதிப்போட்டீங்க. வாங்க."

அப்பாவின் செருப்புச் சத்தம் மெதுவாக என்னைக் கடந்து போனது. மைக்கில் அவர் மூச்சு கேட்டது.

"வணக்கமுங்க" என்றார். "மோகனூருப் பக்கமுங்க. கரும்பு, வாழை வெச்சிருக்கறனுங்க. எப்பிடி இருக்கறேன்னு சொல்லோணுமாமா. சட்டை வெள்ளைங்க. வேட்டியும் வெள்ளைங்க. அதுல ஒருத்தரும் குத்தஞ் சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "துண்டப் பத்தி நான் வாயத் தொறக்கலீங்க. நீங்களே பாத்துக்குங்க."

மண்டபம் வெடித்தது. உம் எல்லாம் காற்றில் போனது, ஓவியர்கூடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. "தக்காளியப் பழமான்னு பாக்க ஒவ்வொண்ணா அமுக்கித்தானுங்க பாப்பேன். மொளகாயைக் கிள்ளித்தான் பாப்பேன். ஊருல அல்லாரும் அப்பிடித்தான் பறிக்கறாங்கன்னு நெனச்சேன். இந்த ஒலகத்துல அல்லாருக்கும் ஒரே கண்ணுன்னுதான் நெனச்சேனுங்க. எம் பொண்ணுக்கு மட்டுந்தான் வேறன்னு. இப்பப் பாத்தா எனக்கும் வேறயாமா. நல்லாத்தான் இருக்குதுங்க, கூட ஆளு இருக்கறது."

அப்போது வந்தது உம். நாலா பக்கமும் தாழ்வாக, கனமாக எழுந்து வந்தது. கைகள் எத்தனை ஆடின என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸுக்காகச் சாலைக்கு வந்தோம். அப்பா என் பையை வாங்கிக்கொண்டார். மைக்கில் அத்தனை பேசியவர் இப்போது மறுபடியும் வாயைப் பூட்டிக்கொண்டார். மலையடிவாரம், எதிரே கடைகள், போகிற வண்டிகள், எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

"புத்தகத்துல ஒண்ணையும் மாத்தப் போறதில்லீங்கப்பா" என்றேன்.

"ஊரு சிரிக்குமே சாமி."

"சிரிக்கட்டுங்க. எல்லாருக்கும் தெரியற கலரு எல்லாப் பொஸ்தகத்துலயும் இருக்குது. பின்னட்டையில என்னைப் பத்தி எழுதிக் கேட்டிருக்காங்க. இந்தக் கதைகள்ல இருக்கற நிறமெல்லாம் எங்கப்பா பாத்ததுன்னு ஒரு வரி சேக்கச் சொல்லப் போறேன்."

ஒரு பஸ் வந்து நின்று எஞ்சின் உறுமியது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்ஸுக்கு முகப்பில் தனி நிறம் அடித்திருப்பார்கள். இது அதுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் பேசாமல் நின்றார். பிறகு, பக்கத்தில் நின்றிருந்த யாரிடமோ திரும்பும் சத்தம் கேட்டது.

"ஏனுங்கம்மா, இந்த பஸ்சு மூஞ்சி என்ன கலருங்க?"

"ரோஸ் கலருங்க. ஓசி பஸ்சுதானுங்க."

அப்பா என் கையைப் பிடித்துப் படியில் வைத்தார்.

"ஊருக்கு ரோசாம் சாமி" என்றார் என் காதருகில். "நமக்குச் சாம்பல்."